தூசு என்று சொன்ன பிறகு

கிள்ளானிலிருந்து வந்த டாக்டருக்கென்ன, சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அதைத் தோட்டத்து ஜனங்களுக்கு விளங்கும்படி தமிழில் சொல்லும் வேலை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் இருதயத்தின் தலையில் விழுந்தது.

1918ஆம் வருஷத்து மழைக்காலம் அது. விஷக்காய்ச்சல் கோலாலம்பூரைச் சுற்றிவிட்டு கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து மேரு கிராமத்துப் பக்கம் இருந்த இந்த ரப்பர் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. மேல் லயத்தில் நாலைந்து பேர் படுத்துவிட்டார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஆறேழு பேர். அறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் ஆசீர்வாதம் சொல்வார்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். காய்ச்சல்காரன் இருமினாலும் தும்மினாலும், ஏன், வாயைத் திறந்து பேசினாலும்கூட, மூச்சோடு ஏதோ வெளியே வருகிறது. மிகமிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. சட்டென்று கீழே விழாமல் காற்றில் நிற்கும். பக்கத்திலிருப்பவன் மூச்சை இழுத்தால் அவனுக்குள் போய்விடும். மருந்து கிடையாது, ஆகையால் விலகியிருக்கச் சொல். இவ்வளவையும் சொல்லும்போது அந்த மிகச் சிறியதற்கு டாக்டர் ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சொன்னார். கோலாலம்பூரில் டிரெஸ்ஸர் வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது இருதயம் அதைக் கேட்டிருந்தான். தமிழில் அதற்கு என்ன பேர் என்று யோசித்ததில்லை. யோசிக்க அவசியமும் வந்ததில்லை.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் போகுமுன் ஆள் கூப்பிடும் பெரட்டில், அவன் 'கிருமி' என்று சொல்லிப் பார்த்தான். ஜனங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பாதித் தோட்டம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வயிற்றுப் பூச்சிக்கு விளக்கெண்ணெய் கேட்டது. அடுத்த நாள் 'காற்றில் வருகிறது' என்றான். காற்று என்றால் அவர்களுக்கு ஒரே காற்றுதான், அடிக்கிற காற்று. ஆற்றங்கரையில் தனியாகப் போகிறவர்களை அடிக்கிற காற்று. பூசாரி கன்னையாவின் வீட்டுமுன் எலுமிச்சம்பழமும் சேவலுமாகக் கூட்டம் கூடிவிட்டது. கன்னையாவுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை. இருதயம் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரன், பூசாரியைப் பற்றி வாயைத் திறந்தால் அது வேறு சண்டையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் பிலோமினா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் என்ஜின் ஓட்டுகிறவரின் மகள். தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ராத்திரி ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அழுதவள். இப்போது சூசன் பிறந்து ஐந்தாவது மாதம். தூக்கம் வராததற்குக் காரணம் மாறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பழைய வாய்ப்பாடு இருதயத்துக்கு ஞாபகம் வந்தது. அணு எட்டுக் கொண்டது ஒரு கதிரெழுதுகள், கதிரெழுதுகள் எட்டுக் கொண்டது ஒரு பஞ்சுத்துகள். 'துகள்'தான் சரியான சொல் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

"துகளா? அது எந்த ஊர்ப் பலகாரம்ங்க?" என்றாள் பிலோமினா.

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் கூரையைக் காட்டினாள். தகரத்தில் ஆணி போன இடத்தில் ஓர் ஓட்டை. அது வழியாக மாலை வெயில் தரை வரைக்கும் கம்பியாக இறங்கியிருந்தது. அதற்குள் தூசு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. இருந்தாலும் அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அந்தத் தூசுன்னு சொல்லுங்களேன். வெயில் பட்டாத்தான் தெரியுது. படலைன்னா இல்லாமலா போச்சு?"

படித்தவன் பெண்டாட்டியிடம் தோற்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆனாலும் அவள் சொன்னது சரி என்று அவனுக்குப் பட்டது. வெறுமனே தூசு என்று சொன்னால் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, ஜனங்களைக் கூட்டங்கூட்டமாக ரப்பர் ஷீட்டு அடுக்கிவைக்கும் ஸ்டோருக்கு அழைத்துப் போனான். கதவைச் சாத்தினான். பலகை இடுக்கில் வெயில் உள்ளே விழுந்தது. 'பாருங்கள்' என்றான். பார்த்தார்கள். ஒரு பையனை அதன் பக்கத்தில் நிற்கவைத்து இருமச் சொன்னான். வெயிலுக்குள் இருந்ததெல்லாம் சுழன்று, எதிரே நின்ற கங்காணி நாகையாவின் முகத்தை நோக்கிப் போனது. நாகையா இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். மீசை வைத்த மனிதர், வேலைக்காரர்களைக் கப்பலில் கூட்டி வந்தவர், யாருக்கும் பின்னால் நகராதவர். 'இதைவிடச் சின்னது காய்ச்சல்காரன் மூச்சில் வருகிறது' என்றான் இருதயம். எல்லாரும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

வள்ளியம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைத்துக் கஞ்சி காய்ச்சுகிற ஆயா அவள்.

"அப்ப மூச்சு விடாம இருக்கணுங்களா ஐயா?"

சிலர் சிரித்தார்கள். இருதயம் துணியால் வாயையும் மூக்கையும் மூடச் சொன்னான், முகத்துக்கு முகம் பேசாதீர்கள் என்றான், காய்ச்சல் வீட்டுக்குள் போகாதீர்கள் என்றான். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரியும். ஓர் அறைக்கு ஏழு பேர் இருக்கிற இடத்தில் யார் எங்கே விலகுவது?

இந்தத் தடவை ஜனங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. புரிந்ததைத் தங்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, கிட்டே போனால் ஒட்டிக்கொள்ளும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். இது தீட்டுதானே? தீட்டை எப்படி நடத்துவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சல் வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீரால் கோடு போட்டார்கள். வேப்பிலை கட்டினார்கள். படுத்தவர்களின் பானை, தட்டு எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கினார்கள். தெரியாமல் கோட்டைத் தாண்டியவன் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, சுத்தமாகிவிட்டேன் என்று எல்லாரோடும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான்.

இருதயம் லயம் லயமாக ஓடினான். அது தண்ணீரில் போகாது, நெஞ்சுக்குள் இருக்கிறது என்று தொண்டை வறளக் கத்தினான். 'குளிச்சாச்சுங்க ஐயா' என்று சொல்லி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நூற்றுநாலு டிகிரி காய்ச்சலில் கிடந்த ஒருத்தியை, தூசு இறங்கட்டும் என்று அவள் மாமியாரே கிணற்றடியில் உட்காரவைத்து மூன்று குடம் ஊற்றினாள். அன்பில் செய்ததுதான். மருமகள் மறுநாள் செத்துப்போனாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு இருதயத்தால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

அதைவிட மோசமானதை மேல் லயத்தின் கடைசி அறையில் பார்த்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலாயுதம் அங்கே தனியாகப் படுத்திருந்தான். தண்ணீர்ச் செம்பை வாசற்படிக்கு உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். அவன் எழுந்து வந்தால்தான் எட்டும். அவனால் எழ முடியவில்லை. கோட்டுக்கு வெளியே அவன் அண்ணன் நின்று அழுதுகொண்டிருந்தான். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அண்ணன் கோட்டைத் தாண்டவில்லை. இருதயம் உள்ளே போய் வேலாயுதத்தின் தலையை நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்தான். அது பாதி வெளியே வழிந்தது. அண்ணன் வெளியிலிருந்தே, தூசு படுமே ஐயா, தள்ளி நின்று கொடுங்கள் என்று இவனுக்காகக் கவலைப்பட்டான். சாயங்காலம் வேலாயுதம் போய்விட்டான். காய்ச்சலில் போனானா, தாகத்தில் போனானா என்று இருதயத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவன் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் காலையில் அவள் குழந்தையை வள்ளியம்மாவிடம் விட்டுவிட்டு, பெரிய பானை நிறையக் கஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இருதயம் வாசலை மறித்து நின்றான். உனக்கு என்ன கேடு வந்தது, கைக்குழந்தைக்காரி என்று சத்தம் போட்டான்.

"நான் சொன்ன சொல்லுதானேங்க அது. தூசுன்னு நாந்தானே சொன்னேன். அதுக்காக ஒருத்தன் தண்ணியில்லாம சாகலாமா?"

முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குப் பிடிவாதக்காரப் பெண்டாட்டி. அதைத் தெரிந்துதான் கட்டினான். அவள் வீடு வீடாக நுழைந்து கஞ்சி ஊட்டினாள். கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவளைக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு, அவள் நடந்த பாதையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். டிரெஸ்ஸர் வீட்டுக்குத் தண்ணீர் தூக்குகிற ஆள் வராமல் நின்றான். ஆட்டுப்பால் கொண்டுவந்தவளும் நின்றாள். எல்லாக் காய்ச்சல் வீட்டுக்கும் போய்வருகிற வீட்டில் எல்லாத் தூசும் இருக்கத்தானே செய்யும்?

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு காலை, கஞ்சிப் பானையை இறக்கும்போது கை நழுவி அதை அடுப்பின்மேல் போட்டாள். இருதயம் நெற்றியைத் தொட வந்தபோது விலகிக்கொண்டாள். தூளியில் தூங்கிய குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வள்ளியம்மாவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியின் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். நான் எவ்வளவு கூப்பிட்டாலும் கொண்டு வராதே என்றாள். அதுதான் அவள் கடைசியாக வாய் திறந்து சொன்னது. பிறகு உள்ளறையில் போய்ப் படுத்து, ஒரு வெள்ளைத் துணியை நாலாக மடித்து வாயில் பொத்திக்கொண்டாள்.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினான். தாழ்வாரத்திலும் படுக்க இடமில்லை என்று பதில் வந்தது. தோட்டத்துத் துரையின் பங்களாவில் துரையே காய்ச்சலில் படுத்திருந்தார். அவனிடம் இருந்தது கொய்னா மாத்திரையும் மிக்ஸ்சர் மருந்தும்தான்; இரண்டும் இதற்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வேளை தவறாமல் கொடுத்தான். அவள் மருந்து குடிக்கும்போது அவனைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டுவாள். குடித்து, துணியை மறுபடி பொத்திக்கொண்ட பிறகுதான் தரையைத் தட்டிக் கூப்பிடுவாள்.

பின்னறையில் சூசன் விடாமல் அழுதது. தாய்ப்பால் தவிர வேறொன்றும் அறியாத குழந்தை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் துப்பியது. அழுகை வீடு வரைக்கும் கேட்டது. பிலோமினாவுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இருதயத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. கங்காணி நாகையாவின் வீட்டுக்கு ஓடினான்.

நாகையாவின் மருமகள் தங்கமணிக்கும் கைக்குழந்தை. பால் நிறைய இருந்தது. நாகையா வீட்டு வாசலில் காய்ச்சல் இல்லாமலே முன்னெச்சரிக்கையாகக் கோடு போட்டிருந்தார். அதற்கு உள்ளே அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, வெளியே இருதயம் நின்று கேட்டான். ஒரே ஒரு நாளைக்கு, குழந்தை டின் பாலுக்குப் பழகும் வரைக்கும். அதன் தாய் உங்கள் ஜனங்களுக்குத்தான் கஞ்சி ஊற்றினாள் என்றும் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம், நாகையாவின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. உள்ளேயிருந்து தங்கமணி வந்து நின்றாள். அவள் போகத் தயாராக இருந்தாள். மாமனார் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஐயா, எங்களுக்கு என்ன தெரியும்," என்றார் நாகையா. "நீங்க காட்டுனீங்க, கண்ணால பார்த்தோம். அந்தப் பிள்ளை மூச்சுல தூசு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே அனுப்பிவைக்கிறேன்."

இருதயம் வாயைத் திறந்தான். இல்லை என்று சொன்னால் தங்கமணி வந்துவிடுவாள். சூசன் குடித்துவிட்டுத் தூங்கும். தாயின் மார்பிலேயே கிடந்த குழந்தை அது. அதன் மூச்சில் இல்லை என்று எப்படிச் சொல்வது? தங்கமணியின் இடுப்பிலிருந்த பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. நாகையா காத்திருந்தார். தங்கமணி காத்திருந்தாள்.

"தெரியலை கங்காணி," என்றான் கடைசியில்.

நாகையா தலையைக் குனிந்துகொண்டார். இருதயம் திரும்பி நடந்தான். யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கங்காணிமேல் கோபப்பட இடமில்லை, தங்கமணிமேல் இல்லை, சொல்லிவிட்டுப் போன டாக்டர்மேல்கூட இல்லை. அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார்.

சூசன் பிழைத்துக்கொண்டது. வள்ளியம்மா ஒரு நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு, பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி டின் பாலில் தோய்த்து உதட்டில் வைத்து வைத்துப் பார்த்தாள். பசி பொறுக்காமல் கடைசியில் சப்பியது. இருதயம் வீட்டுக்கு ஓடி வந்து, குழந்தை குடித்துவிட்டது என்று சொன்னான். பிலோமினாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. தலையை ஆட்டினாள். துணியை எடுக்கவில்லை.

அடுத்த நாள் முற்பகலில் அவள் உதடு நீலம் பூத்ததை, துணியின் ஓரத்தில் தெரிந்த அளவில் பார்த்தான். அந்த நீலத்தை மேல் லயத்தில் நிறையப் பார்த்திருந்தான். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கையால் தள்ளினாள். அந்தக் கையில் பலமே இல்லை, ஆனாலும் தள்ளினாள். தள்ளிப் போ, தள்ளிப் போ என்றது கை. அவன் நகரவில்லை. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவனுக்கு அவள் குரல் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை, என்னங்க என்று ஒரு கூப்பிடல், பிரிக்பீல்ட்ஸில் அப்பாவிடம் சொல்லச் சொல்லி ஏதாவது. திட்டினாலும் போதும்.

"பிலோமி, இங்க பாரு. அதெல்லாம் பொய். டாக்டர் தப்பாச் சொல்லிட்டாராம், கிள்ளான்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். மூச்சுல ஒண்ணுமில்ல. தூசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. துணியை எடு. ஒரு வார்த்தை பேசு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவனை நன்றாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன பொய்களையெல்லாம் அவள் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. துணிக்குக் கீழே அவள் சிரித்திருக்க வேண்டும், கண் ஓரம் சுருங்கியது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவன் கெஞ்சினான். கையைப் பிடித்துக்கொண்டு, நான் சாகிறேன், எனக்கு வந்தால் வரட்டும், பேசு என்று அழுதான். நீங்களும் போய்விட்டால் குழந்தைக்கு யார் என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு கையால் துணியை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே போகிற கொஞ்சக் காற்றையும் அந்தத் துணி தடுத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. சாகப்போகிறவளோடு அவன் மல்லுக்கட்ட முடியுமா? விட்டுவிட்டான்.

மத்தியானம் ஆஸ்பத்திரி மணி அடித்தபோது அவள் மார்பு ஏறி இறங்குவது நின்றிருந்தது. இருதயம் அவள் வாயிலிருந்த துணியை எடுக்கப் போனான். எளிதில் வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.